மீன்தொட்டிக்குப் பொருத்தம் பார்த்தல்

கடந்த இலையுதிர்காலத்தில் எமது மாநகரசபையின் மழைநீர்த் தேக்கக் குளங்களின் கரையில் நாட்டுவதற்கென அறிவித்தற் பலகைகள் தயாராயின. “இக்குளத்தில் மீன்களையோ வேறு உயிரினங்களையோ விடுதல் ஆகாது” என்னும் தமிழ் வாசகத்தை எழுதியவன் நான். பலகைகள் நாட்டப்பட்டு ஒரு வாரம் சென்றபின், எழுத்துகள் பிழையின்றி அமைந்துள்ளனவா எனப் பார்ப்பதற்காக ஒரு குளக்கரைக்குச் சென்றேன். (அச்சிடுவோர் கையில் கொம்பும் காலும் இடம்மாறுவது எமது தொழிலில் தீராத தலையிடி.) அங்கே எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் தமது பேத்தியுடன் நின்றார். கையில் மூடியிட்ட வாளி. அதனுள் ஐந்து தங்கமீன்கள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விட நீளமானது.

“பலகையை வாசிச்சனான் தம்பி. ஆனால் கொல்ல மனம் வரேல்லை, வீட்டிலையும் வைச்சிருக்க ஏலாது,” என்றார்.

நடந்தது இதுதான். பேத்தியின் பிறந்தநாளுக்காக எழுபத்தைந்து லீற்றர் கொள்ளளவுள்ள ஒரு தொட்டியும், அதில் விடுவதற்கு ஐந்து சிறு தங்கமீன்களும் பத்து நியோன் ரெற்றாக்களும் ஒரே நாளில் வாங்கப்பட்டன. முதற் கிழமையிலேயே மூன்று ரெற்றாக்கள் இறந்தன. எஞ்சியவை பல மாதங்களில் ஒவ்வொன்றாகக் காணாமற் போயின. அவை செடிகளுக்குள் ஒளித்திருக்கின்றன எனப் பேத்தி நம்பினாள். அவை எங்கே போயின என்பது பெரியவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு ஆண்டுகளில் தங்கமீன்கள் தொட்டியில் திரும்புவதற்கே இடமின்றி வளர்ந்துவிட்டன. எவ்வளவு கழுவினாலும் நீர் மூன்று நாளில் கலங்கிற்று.

வாளி அன்று குளத்தில் கவிழ்க்கப்படவில்லை. அந்த மீன்கள் என்னவாயின என்பதைப் பின்னர் கூறுகிறேன். அவருடன் கரையிலிருந்த வாங்கில் அமர்ந்து பேசியவையும், அதன்பின் அவரது தொட்டியை மறுபடி அமைக்க உதவியபோது நாமிருவரும் கற்றவையுமே இக்கட்டுரையின் பொருள்.

குளம் ஏன் ஏற்ற இடமன்று

ஊரில் கிணற்றிலும் தொட்டியிலும் மீன் விடுவது நல்ல காரியம் என்றே நம்மிற் பலர் கண்டு வளர்ந்தோம். யாழ்ப்பாணத்தில் நுளம்புக் குடம்பிகளை உண்பதற்கெனச் சுகாதார உத்தியோகத்தர்களே கிணறுகளில் கப்பி மீன்களை விடுவதுண்டு. அந்த நினைவோடு இங்குள்ள குளத்தைப் பார்க்கும்போது, அதில் இரண்டு மீன் கூடினால் என்ன குறைந்துவிடும் எனத் தோன்றுவது இயல்பே. ஆனால் கிணறு மூடிய இடம். மழைநீர்த் தேக்கக் குளமோ வடிகால் வழியே ஓடைக்கும், ஓடை வழியே ஒன்ராறியோ வாவிக்கும் திறந்தது.

வெப்பவலய மீன்களை இங்கு வெளியில் விட்டால், நீர் குளிரக் குளிர அவை உணவெடுக்க இயலாது சோர்ந்து, பல நாள் வருந்தி இறக்கும். தங்கமீன் இறப்பதில்லை. பனிக்கட்டி மூடிய குளத்தின் அடியில் ஒட்சிசன் அற்றுப்போனாலும், தன் உடலில் தேங்கும் இலத்திரிக் அமிலத்தை மதுசாரமாக மாற்றி வெளியேற்றி நெடுநாள் தாக்குப்பிடிக்கும் அரிய ஆற்றல் அதற்கு உண்டு. வசந்தத்தில் அது எழுந்து, அடிச்சேற்றைக் கிளறி, நீர்த்தாவரங்களை வேரோடு பிடுங்கி, பிற மீன்களின் முட்டைகளையும் உண்டு பெருகும். ஹமில்ற்றன் துறைமுகத்தில் தங்கமீன்களின் பெருக்கம் எத்தகையதெனில், அவற்றின் நடமாட்டத்தை அறிவதற்காக மத்திய அரசின் மீன்வள ஆய்வாளர்கள் அவற்றின் உடலில் ஒலிக்கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்துள்ளனர். அதே துறைமுகத்தை அடுத்த கூட்ஸ் பரடைஸ் சதுப்புநிலத்தைக் கெண்டைகளிடமிருந்து காப்பதற்கு, 1997 முதல் ஒரு மீன்வாயில் அமைத்து, நுழையும் மீன்களைத் தரம்பிரித்து அனுப்பவேண்டியிருக்கின்றது.

சட்டமும் தெளிவானது. மீன்பிடிச் சட்டத்தின் கீழ் 2015 இல் ஆக்கப்பட்ட ஆக்கிரமிப்பு நீர்வாழ் இனங்கள் ஒழுங்குவிதிகளின் 10 ஆம் பிரிவு, நீர்வாழ் இனமொன்றை அது இயல்பாக வாழாத நீர்நிலையில் அதிகாரமளிப்பின்றி எவரும் புகுத்தலாகாது எனத் தடைசெய்கின்றது. அந்தப் பிரிவைப் பலமுறை படித்துள்ளேன். கருணை நோக்கம் அதில் ஒரு விதிவிலக்காகக் காணப்படவில்லை.

ஆகவே தொட்டியில் பொருந்தாத மீனைக் கொண்டுபோய் விடுவதற்கு இந்நாட்டில் ஒரு நீர்நிலையும் இல்லை. பொருத்தத்தை வாங்குவதற்கு முன்னரே பார்க்கவேண்டும் என நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

நீர்ப்பொருத்தம்

கடைகளில் சில தொட்டிகளின் மீது ‘கூட்டுத்தொட்டி மீன்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அதனை ஓர் உத்தரவாதமாகக் கொள்ளவேண்டாம். அந்த மீன் பொதுவாகச் சாந்தமானது என்பதற்கு மேல் அது எதையும் கூறுவதில்லை. யாருடன், எந்த நீரில், எத்தனை பேராக வாழும் என்பதை வாங்குபவரே ஆராயவேண்டும். திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நமக்கு இது கடினமான காரியமன்று.

முதலில் நீர். ரொறன்ரோ நகரின் குழாய்நீர் ஒன்ராறியோ வாவியிலிருந்து பெறப்படுவது. மிதமான வன்மையும் சற்றுக் காரத்தன்மையும் உடையது. கப்பி, பிளற்றி, மொலி, வாள்வால் ஆகிய குட்டியீனும் மீன்களுக்கு இது மிக உவப்பானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீரில் கப்பி செழித்ததும் இதே காரணத்தால்தான். நியோன் ரெற்றா, கொறிடோரஸ், ஏஞ்சல் போன்றவை தென்னமெரிக்காவின் மென்மையான, அமிலச் சாயலுள்ள நீருக்குரியவை. ஆயினும் இன்று விற்பனைக்கு வருவனவற்றிற் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவையாதலால் எமது நீருக்கு மெல்லப் பழக்கப்பட்டுவிடும். டிஸ்கஸ் மீன் அவ்வாறு இலகுவில் இணங்காது. அதற்கு 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான வெப்பமும் வேண்டும். ஆபிரிக்காவின் மலாவி வாவிச் சிக்லிட்டுகளுக்கு எமது நீரைவிட வன்மையான நீரே உகந்தது. அவை தம் இனத்தோடு தனித்தொட்டியில் வாழவேண்டியவை. அவற்றின் நீலமும் மஞ்சளும் கண்டு மயங்கி ஒரு சோடியை வாங்கிக் கப்பிகளோடு விடுபவர்கள், மறுநாட் காலையில் கப்பிகளைத் தேடுவார்கள்.

வெப்பநிலையில்தான் பெரியவரின் தொட்டி முதலில் தவறிற்று. தங்கமீன் குளிர்நீர் விரும்பி. சூடாக்கி இல்லாத அறைவெப்ப நீரே அதற்குப் போதும். நியோன் ரெற்றாவுக்கு 22 முதல் 26 பாகை வரை வேண்டும். ஒன்றுக்கு ஏற்றபடி சூடாக்கியை வைத்தால் மற்றது ஓயாது அசௌகரியப்படும். தங்கமீன் மிகுதியாகக் கழிவகற்றுவது; பல ஆண்டுகள் வாழ்வது; இடமிருந்தால் 25 சென்ரிமீற்றருக்கு மேலும் வளர்வது. கூட்டுத்தொட்டிக்கு அது உரியதே அன்று. சூடாக்கி வைக்க விரும்பாதவர்களுக்கு, வைற் கிளவுட் எனப்படும் சீனத்துச் சிறுமீனோ சீப்ரா டானியோவோ நல்ல தெரிவு.

நீரைப் பற்றி இன்னும் ஒன்று. குழாய்நீரை வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால் அதிலுள்ள குளோரின் போய்விடும் என்பது நம்மவர் பலர் அறிந்த முறை. ரொறன்ரோவில் அது போதாது. இங்கு குழாய்நீரின் கிருமிநீக்கத்துக்குக் குளோரமீன் பயன்படுத்தப்படுகின்றது. குளோரினும் அமோனியாவும் சேர்ந்த அச்சேர்வை இலகுவில் ஆவியாகாது; மீனின் பூக்களைத் தாக்கும். குளோரமீனையும் நீக்கும் எனப் போத்தலில் குறிக்கப்பட்ட நீர்ச்சீராக்கியை ஒவ்வொரு நீர்மாற்றத்தின்போதும் சேர்த்தல் வேண்டும். அயல் நகரங்களில் வசிப்போர் தத்தம் குடிநீர் வழங்குநரின் வருடாந்த நீர்த்தர அறிக்கையைப் பார்த்துக்கொள்க.

வாயின் அளவும் வளரும் அளவும்

ஒரு மீனின் வாயில் அடங்கக்கூடியது அதன் உணவு. இதிற் குரோதம் எதுவுமில்லை. நான்கு சென்ரிமீற்றர்த் தங்கமீனின் வாயில் நியோன் ரெற்றா அடங்காது. பத்துச் சென்ரிமீற்றர்த் தங்கமீனின் வாயில் அடங்கும். ஏஞ்சல் மீனும் அவ்வாறே. ஏஞ்சலும் நியோனும் தென்னமெரிக்காவின் ஒரே பெரும் ஆற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை. நீரும் வெப்பமும் பொருந்துகின்றன. கடையில் ஒரே அளவாகவும் தோன்றுகின்றன. ஆனால் வளர்ந்த ஏஞ்சலின் கண்ணுக்கு மெலிந்த நியோன் ஓர் இரை.

எனவே கடையில் மீனைப் பார்க்கும்போது அது இன்று இருக்கும் அளவை மறந்துவிடுங்கள். முழுவளர்ச்சியில் அது எவ்வளவு என்பதை மட்டும் கேளுங்கள். கண்ணாடியைச் சுத்தமாக்கும் எனச் சொல்லி ஐந்து சென்ரிமீற்றர் அளவில் விற்கப்படும் சாதாரண பிளெக்கோ, 30 சென்ரிமீற்றரைக் கடந்து வளரும். பாசிக்காக ஒன்று வேண்டுமெனின், ஏறத்தாழ 12 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும் தூரிகைமூக்குப் பிளெக்கோவைக் கேட்டு வாங்கலாம். ஒஸ்கார் 30 சென்ரிமீற்றர் வளரும். பாலா சுறா எனப்படும் வெள்ளி மீனும் அதற்குக் குறையாது. தொட்டி சிறியதானால் மீனும் சிறியதாகவே நின்றுவிடும் என்று சிலர் கூறுவதுண்டு. அது உண்மையன்று. நெருக்கமான தொட்டியில் வளர்ச்சி குன்றுவது கழிவுநீரில் நோயுற்ற மீனின் நிலையே. அதனை இசைவாக்கம் எனக் கொள்ளலாகாது.

ஒரு கலன் நீருக்கு ஓர் அங்குல மீன் என்னும் பழைய கணக்கையும் இங்கு குறிப்பிடவேண்டும். மெலிந்த சிறுமீன்களுக்கு அது ஒருவாறு பொருந்தும். பெருமீனுக்கு அதை நீட்டினால், பன்னிரண்டு அங்குல ஒஸ்காருக்குப் பன்னிரண்டு கலன், அதாவது 45 லீற்றர் போதும் என்று வரும். அத்தொட்டியில் அந்த மீன் திரும்புவதே அரிது. மேலும், மீனுக்கு வேண்டியது நீந்தும் நீளம். ஒரே கொள்ளளவில் உயரமான தொட்டியும் நீளமான தொட்டியும் இருந்தால் நீளமானதைத் தெரிவுசெய்க.

குணமும் எண்ணிக்கையும்

பல ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்காக நானும் ஒரு தொட்டி வைத்தேன். சட்டம் படித்தவன் என்னும் செருக்கில் எதையும் படிக்காமல் கடைக்குப் போனேன். இரண்டு ஏஞ்சல்களும், கோடிட்ட அழகுக்காக நான்கு ரைகர் பாப் மீன்களும் வாங்கினேன். இரண்டு வாரத்தில் ஏஞ்சல்களின் நீண்ட செட்டைகள் கிழிந்த கொடிபோல் தொங்கின. கடைக்காரரிடம் முறையிட்டேன். இரண்டுமே கூட்டுத்தொட்டி மீன்கள்தாம் என்றார். வாங்குவோனே விழிப்பாயிரு என்னும் கோட்பாட்டைப் பரீட்சைக்காக மனனஞ் செய்திருந்த எனக்கு அதன் முழுப்பொருள் அன்றுதான் விளங்கிற்று.

ரைகர் பாப் தீயது அன்று. அது கூட்டமாக வாழ்ந்து, தன் கூட்டத்துக்குள்ளேயே ஓயாது துரத்தி விளையாடி, யார் பெரியவர் என்பதைத் தீர்த்துக்கொள்ளும் இனம். எட்டுப் பத்தாக வைத்தால் அந்தச் சச்சரவு பெரும்பாலும் தமக்குள் அடங்கும். நான்காக வைத்தால் அயலவரின் செட்டையில் முடியும். அப்போதும் ஏஞ்சல், கௌராமி, சண்டைமீன் போன்ற, நீண்டு தொங்கும் உறுப்புகளை உடையவற்றோடு அதனைச் சேர்த்தல் தகாது.

கூட்டமீன்களைக் குறைந்த எண்ணிக்கையில் வாங்குவது நம்மவர் அடிக்கடி செய்யும் தவறு. எல்லாவற்றிலும் இரண்டிரண்டு எடுத்தால் தொட்டி நிறைவாக இருக்கும் எனத் தோன்றும். உண்மையில் இரண்டு நியோன்கள் நாள்முழுதும் மூலையில் அஞ்சிக் கிடக்கும். ஆறாகவோ எட்டாகவோ இருந்தால் வெளியே வந்து நீந்தும். ரெற்றா, பாப், டானியோ, கொறிடோரஸ் ஆகிய யாவும் இத்தகையன. ஆறு இனத்தில் இரண்டிரண்டாகப் பன்னிரண்டு மீன்களை வைப்பதிலும், இரண்டு இனத்தில் ஆறாறாக வைப்பதே அவற்றுக்கு வாழ்வு.

மறுபுறம், தனிமையே உகந்தவையும் உண்டு. ஆண் சண்டைமீன்கள் இரண்டை ஒரு தொட்டியில் விடலாகாது என்பதை யாவரும் அறிவர். ஆனால் நீண்ட வண்ண வாலுள்ள ஆண் கப்பியையும் அது தன் எதிரியாகவே எண்ணித் தாக்கக்கூடும் என்பதைச் சிலரே அறிவர். குறுங்கௌராமி ஆண்கள் இரண்டும் சிறிய தொட்டியில் ஒத்துப்போவதில்லை.

கப்பி, பிளற்றி வளர்ப்போர் குடும்பக் கட்டுப்பாட்டையும் சிந்திக்கவேண்டும். பெண் கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி ஈனும். ஆணின் விந்தைப் பல மாதம் உடலிற் சேமித்துவைத்திருப்பதால், பெண்களை மட்டுமே வாங்கினாலும் குட்டிகள் பிறக்கும். ஆண் கப்பிகளை மட்டும் வளர்ப்பதே இலகுவான வழி. பெருகிய குட்டிகளைக் கடைகள் எப்போதும் ஏற்பதில்லை. அவை கடைசியில் வாளிக்குள் ஏறி வந்து சேருமிடம் நான் மொழிபெயர்த்த பலகையின் கீழ்தான்.

மீனல்லாதவற்றிலும் கவனம் வேண்டும். பளிங்குக் கோலமுள்ள நன்னீர் இறாலினம் ஒன்று முன்பு தொட்டிகளுக்கென விற்கப்பட்டது. அதில் யாவும் பெண்கள். ஆணின்றியே முட்டையிட்டுப் பெருகுவன. ஒன்று தப்பினாலும் ஒரு குடியிருப்பே உருவாகும். 2022 ஜனவரி 1 முதல் அதனை ஒன்ராறியோ மாகாணம் தடைசெய்யப்பட்ட இனமாக்கியுள்ளது. நண்பர் அன்பளிப்பாகத் தந்தாலும் ஏற்கவேண்டாம். 2021 இல், தொட்டி அலங்காரத்துக்கென இறக்குமதியான பாசிப்பந்துகளில் வரிக்குதிரைச் சிப்பிகள் ஒட்டியிருக்கக் கண்டு அவை கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. அப்பாசிப்பந்து பழைய தொட்டிகளில் இன்னும் இருந்தால், கொதிநீரில் இட்டோ உறையவைத்தோ, பையிலிட்டுக் குப்பையில் சேர்க்கவேண்டும்.

எழுபத்தைந்து லீற்றரில் ஒரு குடும்பம்

பெரியவரின் தொட்டிக்கு வருவோம். அது 76 சென்ரிமீற்றர் நீளமானது. நீர் நிரம்பினால், தொட்டி, கல், நீர் யாவுமாக ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறை. சாதாரண மேசை தாங்காது என்பதால் முதலில் அதற்குரிய தாங்கியொன்று வாங்கப்பட்டது.

வாடகை வீட்டில் வாழும் அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. குத்தகை உடன்படிக்கையில் ‘வளர்ப்புப் பிராணிகள் கூடாது’ என எழுதியிருந்தது. ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டு வதிவிடக் குத்தகைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவின்படி, பிராணிகள் இருத்தலைத் தடைசெய்யும் அத்தகைய ஏற்பாடு வெறிதானது, அதாவது செல்லாது. எனினும் தொடர்மாடி வீட்டுரிமைக் கூட்டுத்தாபனங்களுக்குத் தனி விதிகள் இருக்கக்கூடும். தொட்டி உடைந்து கீழ்வீட்டுக் கூரை நனைந்தால், கவனயீனத்தால் விளைந்த சேதத்துக்குக் குடியிருப்பவரே பொறுப்பாகவும் நேரிடலாம். குடியிருப்போர் காப்புறுதியில் நீர்ச்சேதம் அடங்குமா எனக் கேட்டறிவது நன்று.

பின்னர் நாம் எந்த மீனும் வாங்கவில்லை. பேத்திக்கு அது பெரும் ஏமாற்றம். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது, அது நஞ்சு. வடிகட்டியில் குடியேறும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொருவகைப் பற்றீரியாக்கள் அதனை மிகவும் குறைந்த தீங்குடைய நைத்திரேற்றாக மாற்றும். இப்பற்றீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதல்தடவை வாங்கிய நாளிலேயே பதினைந்து மீன்களையும் விட்டபோது தொட்டியில் அவை இருக்கவில்லை. முதற் கிழமையில் மூன்று ரெற்றாக்கள் இறந்ததற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவே. இம்முறை தொட்டியையும் வடிகட்டியையும் முற்றாகக் கழுவி, மீனில்லாமல் சிறிதளவு அமோனியாக் கரைசலை இட்டு, சோதனைப் பெட்டியால் நாள்தோறும் அளந்தோம். அளவுகளைக் கொப்பியில் எழுதும் பொறுப்பு பேத்தியுடையதாயிற்று. ஐந்தாவது வாரத்தின் இறுதியில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாயின.

முதலில் வந்தவை எட்டுச் செரி பாப் மீன்கள்: மூன்று ஆண், ஐந்து பெண். இது இலங்கையின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளுக்கே உரிய மீன். 1929 இல் தெரணியகல அதனை விஞ்ஞான உலகுக்கு விவரித்தபோது, ‘தித்தையா’ என்னும் சிங்களப் பெயரையே அதன் விஞ்ஞானப் பெயரிற் சேர்த்தார். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வளராது, செட்டை கொத்தாது, எமது நீரில் குறைவின்றி வாழும். தன் அண்டைவீட்டு மீனைக் கனடாவில் காசு கொடுத்து வாங்குவதாகப் பெரியவர் சிரித்தார். இன்று விற்கப்படுபவை பெரும்பாலும் பண்ணையிற் பிறந்தவை என்பதை அவருக்குச் சொன்னேன்.

செரி பாப் இடைநீரில் உலவுவது. அடித்தளம் வெறுமையாக இருந்தது. ஒரு மாதத்தின்பின் ஆறு வெண்கலக் கொறிடோரசுகள் வந்தன. அவை மீசையால் அடியைத் துழாவி உண்பவை. கூரிய கற்கள் அம்மீசையைத் தேய்த்துவிடும் என்பதால் சரளைக்குப் பதிலாக மென்மணல் இடப்பட்டது. மேலே மிதக்கும் உணவு கீழே வந்துசேர்வதில்லை. ஆகவே அவற்றுக்கு மூழ்கும் உணவு வேண்டும், அதுவும் விளக்கணைத்தபின் இட்டால் பாப் மீன்கள் பறிக்கமாட்டா. கொறிடோரஸ் இடையிடையே மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றை விழுங்கித் திரும்பும். அது மூச்சுத்திணறல் எனப் பதற வேண்டியதில்லை; குடலாலும் சுவாசிக்க வல்லது அது. ஆனால் எல்லாமே ஓயாது மேலே வந்தவண்ணம் இருந்தால் நீரைச் சோதிக்கவேண்டும்.

இறுதியாக மேல்நீருக்கு ஒரே ஒரு தேன்கௌராமி. மூவினத்துக்கும் பொதுவாக வெப்பநிலை 24 முதல் 25 பாகையில் வைக்கப்பட்டது. வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீர் மாற்றப்படுகின்றது. அகற்றிய நீரை வீதி வடிகாலில் ஊற்றாது வீட்டுச் செடிகளுக்கு விடுகிறார்கள். கறிவேப்பிலைச் சாடி அதனால் நன்கு தளிர்த்திருக்கின்றது. தொட்டியில் இன்னும் இடமிருப்பதுபோல் தோன்றும். அந்த இடத்தை நிரப்பாது விடுவதுதான் கடினம்.

பொருந்தாது போனால்

எவ்வளவு பார்த்தாலும் சிலவேளை பிழைக்கும். அப்போது முதலில் வாங்கிய கடையைக் கேளுங்கள். பணம் திருப்பித் தராவிடினும் மீனை ஏற்கும் கடைகள் உள்ளன. பெரிய தொட்டியுள்ள நண்பர், மீன்வளர்ப்போர் சங்கம், பாடசாலை வகுப்பறை என வேறு வழிகளும் உண்டு. நோயுற்ற மீனாயின் மிருக வைத்தியரிடம் நோவின்றி உயிர்நீக்கும் முறையைக் கேட்டறியலாம். மலசலகூடத்தில் இட்டு நீர்பாய்ச்சுவது அந்த மீனுக்குக் கொடுமை. தொட்டிச் செடிகளையும் ஓடையோரம் வீசாது, உறையவைத்துப் பையிற் கட்டிக் குப்பையில் இடுக.

வாளியிலிருந்த ஐந்து தங்கமீன்களுக்காக அன்று மாலை நாம் நான்கு கடைகளுக்குத் தொலைபேசினோம். மூன்று மறுத்தன. நான்காவது கடை, வேறொரு நகரில், இலவசமாகத் தந்தால் ஏற்பதாகக் கூறிற்று. நாற்பது நிமிடப் பயணம்; வாளி பேத்தியின் மடியில். இப்போது அவை அக்கடையின் வாசலில், ஆயிரம் லீற்றருக்குக் குறையாத ஒரு தொட்டியில் நீந்துகின்றன, விற்பனைக்கு அல்ல. பிள்ளை அவற்றைப் பார்க்க இரண்டு முறை சென்றுவந்தாள்.

சென்ற மாதம் பெரியவர் என்னை அழைத்தார். கொறிடோரசுகளை எண்ணினால் ஐந்துதான் வருகின்றன, ஒன்றைக் காணவில்லை என்றார். குரலில் பழைய பயம் இருந்தது. வடிகட்டியின் பின்னாலும் மரத்துண்டின் அடியிலும் விளக்கடித்துப் பாருங்கள் ஐயா என்றேன். தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் பேத்தியின் குரல் கேட்டது: “ஆறும் இருக்குது!”